பெட்டியைத் திறக்கவிடாத மூன்று கேள்விகள்

இன்று காலை அம்மா உன்னுடைய கண்ணாடிக் கிண்ணத்தில் மோர் மிளகாய் ஊறப்போட்டிருந்தாள். புளித்த மோரும் கீறிய பச்சை மிளகாயும் சேர்ந்த நெடி அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது. கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடியே போய் எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு விரிசல் ஓடுகிறதே, அதில் மோர் இறங்கி வெள்ளைக் கோடாக நின்றது. அதைப் பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, இத்தனை மாதம் தள்ளிப்போட்டதை இனியும் தள்ள முடியாது என்று பட்டது.

அது கிண்ணம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். மத்தியதரைக் கடலின் அடியில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, ஒளியைப் பிடிக்கும் குழாய்களை வைத்து மூடுகிற கண்ணாடி உருண்டையின் ஒரு பாதி அது. அழுத்தச் சோதனையில் விரிசல் விட்டதால் ஒதுக்கிவிட்டார்கள். உன் தம்பி கல்யாணத்துக்கு வந்தபோது அதைத் துண்டில் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்து, விமான நிலையத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்லி, அமராவதிபுதூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாய். "உனக்குத்தான்டி. ஒரு கண்ணு" என்று என் மடியில் வைத்தாய். உள்ளே ஒட்டியிருந்த ஜெல்லை அழுக்கு என்று நினைத்து அம்மா கரண்டியால் சுரண்டி எடுத்தாள். நீ தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சந்தோஷமாக இருந்ததால் இல்லை. வயிறு எரிந்ததால்.

அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாய். அம்மா உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தில் பாதியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். உரித்துக்கொண்டே சொன்னாய்: "கடலுக்கு அடியில நீளநீளமா கயிறு கட்டி நிப்பாட்டியிருக்கோம்மா. பூச்சரம் மாதிரி அதுல இந்த உருண்டைகளக் கோத்திருக்கு. அங்குட்டு ஒரே கும்மிருட்டு. எதாச்சும் வெளிச்சத்தச் சிந்திக்கிட்டுப் போனா இதுக பாத்துச் சொல்லிரும்." அந்த இருட்டுக்குள் எது போகும் என்று அம்மா கேட்டாள். நியூட்ரினோ என்று ஒரு துகள் உண்டு, பூமியையே ஊடுருவி வரும், கோடானுகோடியில் ஒன்று தண்ணீரில் மோதும்போது நீலமாக ஒரு வெளிச்சம் வரும் என்றாய். கயிறு கட்டியது அதற்காக. ஆனால் அதே கயிற்றை வைத்துக்கொண்டு நீ தேடுவது இன்னொன்றை என்றாய்.

"காந்தத்த உடைச்சா ரெண்டு துண்டுலயும் வடக்கும் தெக்கும் வந்துருமில்லம்மா? வடக்கு மட்டும் தனியா உள்ள துகள் ஒண்ணு இருக்கணும்னு கணக்குச் சொல்லுது. இதுவரைக்கும் யாரும் கண்டதில்ல. அது தண்ணிக்குள்ள போனா மத்ததவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெளிச்சம் போடும். அதத்தான் தேடுறேன்."

கிடைத்தால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள். கிடைத்தால் உலகத்தில் உள்ள பாடப் புத்தகத்தை எல்லாம் திருத்த வேண்டும் என்றாய். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பத்து வருடமாக நான் "அது சொன்னா புரியாதும்மா" என்று ஒதுக்கியதை, நீ ஒரு உழக்கு வெங்காயம் உரிக்கும் நேரத்தில் புரியவைத்துவிட்டாய். அம்மா என்னைக் காட்டி, இவளும் அதைத்தான் தேடுகிறாளா என்று கேட்டாள். நீ யோசிக்காமல், "ரெண்டு பேரும் சேந்துதாம்மா" என்றாய். அது பொய். என்னை உயர்த்திப் பிடிக்க நீ சொன்ன பொய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாம் காரைக்குடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முதுகலை படித்தவர்கள். பிரான்சின் தென்கரையில் ஒரே ஆய்வகத்தில், ஒரே தொலைநோக்கியின் தரவை வைத்து ஆய்வுப் பட்டம் வாங்கியவர்கள். ஒரு வருடம் முந்திப் போனவள் நீ. நான் பட்டம் வாங்கிய கையோடு என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். நான் ஒற்றைப் பிள்ளை. திரும்பி வந்தேன். கல்லூரியில் வேலை கிடைத்தது. வாரம் பதினாறு மணி நேர வகுப்பும் ஒரு மின்னியல் ஆய்வகமும். அப்பா போன பிறகும் அம்மாவை விட்டுக் கிளம்ப முடியவில்லை. நீ அங்கேயே இருந்தாய். என்னை இங்கிருந்தபடியே குழுவில் உறுப்பினராக வைத்துக்கொள்ளச் சொல்லி அங்குள்ளவர்களிடம் பேசி அனுமதி வாங்கித் தந்ததும் நீதான். ஒருவர் செய்த உதவிக்காகவே அவரை மன்னிக்க முடியாமல் போகும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். குழுவின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் அகர வரிசையில் வரும். உன் பெயர் முதல் பத்துக்குள், என் பெயர் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில். அகர வரிசைக்கு யாரைக் கோபித்துக்கொள்வது? கோபித்துக்கொண்டேன். உன் பிரெஞ்சு உச்சரிப்பு, உன் குட்டை முடி, நீ கப்பலில் நின்ற அந்தப் படம். புதுக் கயிறு ஒன்றைக் கடலில் இறக்கிய நாளில் எடுத்தது. ஆரஞ்சு அங்கி, காற்றில் முகம் சுளித்த சிரிப்பு. நான் ஒரு தடவைகூட அந்தக் கப்பலில் ஏறியதில்லை. ஏறியிருந்தால் வாந்தி எடுத்திருப்பேன், அது வேறு விஷயம்.

அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீதான் அனுப்பினாய். நாட்டரசன்கோட்டையில், கண்ணாத்தா கோயில் வாசலில், உன் அம்மாவோடு. கண்ணில் கோளாறு என்றால் நம் பக்கத்துச் சனங்கள் வெள்ளியில் கண்மலர் வாங்கி அங்கே செலுத்துவார்கள். உன் அம்மா கடலுக்குள் இறங்குகிற உன் கண்ணாடிக் கண்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். "எத்தனை கண்ணுத்தா எறக்குறாக?" என்று என்னிடம் கேட்டார். இந்தக் கயிற்றில் மட்டுமே நூற்றுக்கணக்கில் என்றேன். அத்தனைக்கும் வாங்க முடியாது என்று யோசித்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஜோடி வாங்கினார். "எம்மக கண்ணுக. ஒண்ணும் அவிஞ்சு போயிரக் கூடாது தாயி" என்று முணுமுணுத்தபடி உண்டியலில் போட்டார். அதில் எனக்கும் பங்கு உண்டு, அந்தக் கண்கள் பார்ப்பதை நானும்தான் உட்கார்ந்து அலசுகிறேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? நான் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தவள்.

இப்போது அந்த மதிப்பாய்வுக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

நம் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தேடுகிறவர் தன் தரவைப் பார்க்கக் கூடாது. பத்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மூடி வைத்துவிடுவார்கள். அந்த ஒரு பங்கை வைத்து, எது சத்தம், எது சமிக்ஞை, எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது என்று எல்லா வடிகட்டிகளையும் முடிவு செய்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மிச்சத்தின்மீது அதை ஓட்டலாம், அதுவும் ஒரே முறை. முதலிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், ஆசைப்பட்டது கண்ணுக்குத் தெரியும்படி வடிகட்டியை நம்மை அறியாமலே வளைத்துவிடுவோம். நீயும் நானும் அதைப் பொட்டி திறப்பு என்போம். திறக்குமுன் குழுவில் இருவர் மதிப்பாய்வு செய்து கேள்வி கேட்க வேண்டும். இருவரும் சரி என்றால்தான் பெட்டி திறக்கும்.

உன் தேடலுக்கு நியமிக்கப்பட்ட இருவரில் ஒருவர் இத்தாலிக்காரர். ஒரே வாரத்தில் பாராட்டி எழுதிச் சரி என்றுவிட்டார். இன்னொருவர் நான். நீயே கேட்டு வாங்கினாய் என்று நீதான் தொலைபேசியில் சொன்னாய். "மத்தவங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவாங்கடி. நீ விடமாட்ட. அதுக்குத்தான் உன்னயக் கேட்டேன்." அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியவள், என்னை எங்கே உட்காரவைப்பது என்பதையும் இவளே முடிவு செய்கிறாளே என்று எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு கேள்விகள் கேட்டேன். பதினொன்று நேர்மையானவை. இதை நான் தைரியமாகச் சொல்வேன். கடலில் ஒளிரும் உயிரினங்கள் நீரோட்டம் மாறும்போது மினுக்குவதை நீ சரியாகக் கழிக்கவில்லை என்று நான் பிடித்தது நினைவிருக்கிறதா? நீயே நன்றி சொன்னாய். மிச்சம் மூன்று அப்படிப்பட்டவை இல்லை.

முதல் வெட்டிக் கேள்வி, கடல் உப்பிலுள்ள பொட்டாசியத்தின் மங்கலான ஒளியை இன்னும் பெரிய கணிப்பொறிக் கணக்கு போட்டு மறுபடி காட்டு என்பது. நீ போட்டதே போதுமானது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது, தண்ணீர் இன்னும் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்று பார் என்பது. அதை நீ வேறொரு வடிவில் ஏற்கெனவே செய்திருந்தாய். ஒவ்வொன்றுக்கும் உனக்கு இரண்டு வாரம் போனது. நீ முறைக்கவில்லை, இழுக்கவில்லை. புதன்கிழமைதோறும் இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் நடக்கும் இணையக் கூட்டத்தில் உன் குரல் மட்டும் வரும். கேமரா கெட்டுப்போய்விட்டது என்றாய். ஐரோப்பாவில் இருக்கிறவளுக்கு ஒரு கேமரா வாங்க வழியில்லையா என்று நக்கலடித்தேன். சிரித்தாய்.

மூன்றாவது கேள்வி எப்படிப் பிறந்தது என்று கேள். ஒரு நாள் துறைத் தலைவர் ஆசிரியர் அறைக்கு வந்து, அறிவியல் தினத்துக்குப் பேச உன்னைக் கேட்கலாமா என்றார். "உங்க கூட்டாளி ஆன்லைன்லயாச்சும் வருவாகளா மேடம்? பிள்ளைகளுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்." அதே தொலைநோக்கியில் வேலை பார்க்கிற நான் அவர் எதிரில்தான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு நின்றேன். எட்டு வருடமாக அதே கல்லூரியில் இருக்கிறேன். என்னை ஒரு தடவையும் யாரும் பேசச் சொன்னதில்லை. அன்று பிற்பகலே தட்டச்சு செய்தேன்: திறந்து தந்த பத்தில் ஒரு பங்குத் தரவை எல்லா ஆண்டுகளுக்கும் பருவவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக எல்லாப் படங்களையும் காட்டவும். எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இன்னும் இரண்டு வாரம் காத்திரு என்பதுதான் அந்தக் கேள்வி.

பதில் பதினோரு நாளில் வந்துவிட்டது. அந்த மின்னஞ்சலை நான் திறக்கவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்தியதும் உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது நாளில் சீரியல் பார்த்தேன், கொய்யாச் செடிக்கு உரம் வைத்தேன், பீரோவை ஒழுங்குபடுத்தினேன். உன் கடிதம் பட்டியலில் தடித்த எழுத்தில் நின்றது. அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது.

பத்தாவது நாள் உன் அம்மா கூப்பிட்டார். "ஆத்தா, அவ வந்திருக்கா. உன்னயப் பாக்கணும்ங்கிறா. இன்னைக்கே வந்துட்டுப் போ." குரலிலேயே தெரிந்துவிட்டது. கல்லல் வழிப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனேன். என்ன வியாதி என்றுகூட உன் அம்மாவிடம் கேட்கத் தோன்றவில்லை. இதையும் என்னிடம் மறைத்தாளே என்ற கோபம் மட்டும் வழியெல்லாம் இருந்தது.

உன் வீட்டு முன்னறையில், ஜன்னலைப் பார்த்த கட்டிலில் படுத்திருந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டதைப் பார்த்துவிட்டு, "கேமரா நல்லாத்தான்டி இருந்துச்சு. முடிதான் இல்ல" என்றாய். ஒரு வருடமாக மருந்து எடுத்துக்கொண்டிருந்தாயாம். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போதும் மடியில் கணினியோடுதான் உட்கார்ந்திருப்பாள் என்று உன் தம்பி அங்கே வந்து பார்த்துவிட்டுச் சொன்னதாக உன் அம்மா சொன்னார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அங்குள்ளவர்கள் சொன்ன பிறகே ஊருக்கு வந்திருந்தாய்.

உன் அம்மா காபி போட உள்ளே போனதும் நீ கேட்டாய்: "பொட்டி திறந்தாச்சா?"

"இன்னும் இல்ல. கடைசிக் கேள்வி பாக்கி இருக்கு."

"பருவம் பருவமா பிரிக்கச் சொன்னியே, அதா? அதுக்குப் பதில் அனுப்பி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சேத்தா."

"பாக்கலடி. பேப்பர் திருத்துற வேலை."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, பாரு. நல்லாப் பாரு. எனக்காக அவசரப்பட்டுச் சரின்னு சொல்லிறாத" என்றாய். பிறகு கொய்யாச் செடி காய்த்ததா என்று கேட்டாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் கைப்பேசியிலேயே அந்தப் பதிலைத் திறந்தேன். நாற்பது படங்கள். நிறம் மாறாமல், அளவு மாறாமல், கீழே விளக்கத்தோடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கையோடு நின்றபடியே சரி என்று அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் பெட்டியைத் திறக்கும் கூட்டம் அடுத்த புதன்கிழமைதான். நீ திங்கட்கிழமை போய்விட்டாய்.

புதன்கிழமை துறை அறையில், மின்விசிறிக்குக் கீழே, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை நடத்துகிறவர் உன்னைப் பற்றிச் சில வார்த்தை சொன்னார். நான் உனக்கு நெருக்கமானவள் என்பதால் கட்டளையை நானே கொடுக்கட்டும் என்றார். உன் நிரலை நான் ஓட்டினேன். வடிகட்டிகளைத் தாண்டி எதுவும் மிஞ்சாது. எல்லாருடைய எதிர்பார்ப்பும் பூச்சியம்தான். மிஞ்சினால் அது உலகச் செய்தி. திரையில் ஒன்று என்று வந்தது.

உடனே படத்தை வரைந்து பார்த்தோம். ஒரு கயிற்றின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போகும் ஒன்று. மற்ற எதைவிடவும் பிரகாசமாக, ஒளியைவிட மெதுவாக, வழியெல்லாம் வெளிச்சத்தைச் சிந்திக்கொண்டு. நீ அம்மாவிடம் சொன்னாயே, அப்படியே. கூட்டத்தை நடத்தியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். நான் அழவில்லை. செத்த பிறகும் உனக்குத்தானா என்று நினைத்தேன். சுற்றி வளைக்காமல், இதே சொற்களில்தான் நினைத்தேன். நீ எரிந்து மூன்றாம் நாள் ஆகவில்லை.

அடுத்த இரண்டு நாள் எல்லாரும் அந்த ஒன்றைப் போட்டுக் குடைந்தார்கள். என்னளவு யாரும் குடைந்திருக்க மாட்டார்கள். அது உண்மையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தேடியவள் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதன் வேகத்தை மறுபடி கணக்கிட்டேன். வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. எங்கோ பார்த்த எண் என்று தோன்றியது. பிறகு புரிந்தது. தண்ணீருக்குள் ஒளி போகும் வேகம் அது. தண்ணீரில் ஒளியின் வேகத்தில் போவது வேறெதுவாக இருக்க முடியும்? ஒளியேதான். கண்கள் சரியாகப் பார்க்கின்றனவா என்று சோதிக்கக் கயிற்றின் அடியில் விளக்குகள் உண்டு. அவை எரியும் நேரத்துத் தரவைத் தனியாகக் குறித்து ஒதுக்கிவிடுவோம். பணிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அன்றைக்கு முறைப்பணியில் இருந்தவர் ஒதுக்கும் குறியைப் போடுவதற்குக் கொஞ்சம் முன்பே விளக்கைப் போட்டுவிட்டார். உன் உலகச் செய்தி ஒரு சோதனை விளக்கு.

மகிழ்ந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன். எழுந்து போய் ஜன்னல் ஓரத்துப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், அவ்வளவு நிம்மதி. சொம்பைக் கீழே வைக்கும்போதுதான் உறைத்தது. குறிக்கப்படாத விளக்கு வெளிச்சம் உன் தரவில் எங்காவது கலந்திருக்கிறதா என்பது மதிப்பாய்வு செய்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. என் பதினான்கில் அது இல்லை. உன்னைக் காக்க வைப்பதற்குக் கேள்வி தேடிக்கொண்டிருந்த மும்முரத்தில், கேட்க வேண்டியதை விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் நீ ஒரே நாளில் சரிசெய்திருப்பாய். அந்த மூன்றும் இல்லாமலிருந்தால் பெட்டி ஒன்றரை மாதம் முன்பே திறந்திருக்கும். சுத்தமான பூச்சியத்தை நீ உன் கண்ணாலேயே பார்த்திருப்பாய்.

பெட்டி திறந்த பிறகு எதையும் சொல்லாமல் நீக்க முடியாது. ஒன்று மிஞ்சியது, அது சோதனை விளக்கு என்று பின்னர் தெரிந்தது என்று உன் கட்டுரையிலேயே எழுத வேண்டியிருந்தது. அந்த நாலு வரியையும் எழுதியவள் நான். கட்டுரை வெளிவந்தது. பெயர்ப் பட்டியலில் உன் பெயருக்கு மேல் ஒரு சின்னச் சிலுவைக் குறி, அடியில் காலமானார் என்ற குறிப்பு. நூற்றுக்கணக்கான பெயர்களில் உனக்கு மட்டும்தான் குறி. அதற்கும் ஒரு நொடி என் மனம் சுருங்கியது. என்ன பிறவி நான் என்று கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததுதான்.

போன மாதம் புதிய தரவோடு அந்தத் தேடலைத் தொடரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். உன் நிரல்கள் எல்லாம் இப்போது என் கணினியில் இருக்கின்றன. வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். என் ஒவ்வொரு கேள்விக்கும் நீ ஒரு கோப்பு வைத்திருக்கிறாய். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், இயந்திரம் படிக்காத குறிப்பு வரியாக, ஆங்கில எழுத்தில் தமிழில் ஓரிரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறாய். வேறு யாருக்கும் புரியக் கூடாது என்று எழுதினாயோ, எனக்கு மட்டும் புரிய வேண்டும் என்று எழுதினாயோ.

பத்துக் கோப்புகளில் "நல்ல கேள்வி" என்று இருந்தது. உயிரினங்களின் மினுக்கைப் பற்றிய கோப்பில் "ராட்சசி, பிடிச்சுட்டா" என்று இருந்தது. பொட்டாசியத்தில் "இது சும்மா." கலங்கல் தண்ணீரில் "இதுவும் சும்மா." பருவங்களைப் பிரித்த கடைசிக் கோப்பில் ஒரு முழு வாக்கியம்: "வேணும்னேதான் கேக்குறா. பரவால்ல, செஞ்சு குடுத்துருவோம்."

பதினான்கையும் பிரித்து வைத்திருக்கிறாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆசிரியர் அறையில் அதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்திருந்ததே, கேட்டிருக்கலாமே? என்னடி விளையாடுறியா என்று ஒரு வார்த்தை. முன்னறையில் அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது என்று இப்போது தெரிகிறது. கடைசிக் கோப்பின் தேதியைப் பார்த்தேன். உன் தம்பி ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்த வாரம் அது.

சென்ற வெள்ளிக்கிழமை உன் அம்மா கூப்பிட்டார். புதுக் கயிறு இறங்கப்போகிறது என்று உன் தம்பி எங்கோ படித்துச் சொல்லியிருக்கிறான். "இந்தத் தடவ உன் கண்ணுகளாமே. வா, கண்ணாத்தாகிட்ட போயிட்டு வருவோம்." உன் கண்ணுக. எத்தனை வருடம் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. போனோம். ஒரு ஜோடி கண்மலர் வாங்கினோம். வரிசையில் நிற்கும்போது அவர் கேட்டார், அவள் தேடியது கடைசியில் கிடைத்ததா என்று. இல்லை, இன்னின்ன இடத்தில் அது இல்லை என்று தெரிந்துகொண்டோம் என்றேன். "அதுக்கா இம்புட்டுப் பாடுபட்டா?" என்றார். அங்கேயே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். சொல்ல முடியவில்லை. கண்மலரை உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது இன்னொருவரின் தேடலுக்கும் என்னை மதிப்பாய்வுக்குப் போட்டிருக்கிறார்கள். கேள்விகளை ஒரு அட்டவணையில் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்: இதை ஏன் கேட்கிறேன். அதை நிரப்ப முடியாத கேள்வியை அடித்துவிடுகிறேன். நேற்று ஒன்றை அடித்தேன். விளக்கைப் பற்றிய கேள்வி முதல் வரியில் இருக்கிறது.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கடைசிக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை இடத்தை மாற்றிப் பார்த்துவிட்டேன். கட்டிலில் நான், பெட்டியை மூடி வைத்துக்கொண்டு நீ. வேண்டுமென்றே கேட்ட கேள்வி என்று தெரிந்த பிறகும், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, நாற்பது படங்களை நான் வரைந்திருப்பேனா? மாட்டேன். முதல் படத்துக்கு முன்பே உனக்குப் போன் போட்டுக் கிழித்திருப்பேன். கப்பல்மேல், பெயர் வரிசைமேல், உன் அம்மாமேல் இருந்த பொறாமையெல்லாம் எப்போது போயிற்று என்றே தெரியாமல் போய்விட்டது. பரவால்ல, செஞ்சு குடுத்துருவோம் என்று எழுதத் தெரிந்த உன்மேல் உள்ள பொறாமை மட்டும் போகவில்லை. அது போய்விட வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்.